சயாம் நாட்டுச் சங்கிராந்தி

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நம்மவர் மேடைகளிலே ஆண்டுதோறும் கேட்கும் கூற்றொன்றுண்டு. "சயாமியரும் நம் வருடப்பிறப்பையே கொண்டாடுகின்றனர், அவர்தம் அரண்மனைக் கோயிலிலே திருவெம்பாவை ஓதப்படுகின்றது, ஆதலாற் கீழ்த்திசை நாகரிகம் முழுவதும் நாம் ஈந்ததே" என்பது அக்கூற்று. இதற்குக் கைதட்டல் என்றுங் குறைந்ததில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, பல்கலைக்கழக மாணவராகிய நாம் மூவர் பாங்கொக் நகரிலே அவ்விழாவை நேரிற் காணும் வாய்ப்பைப் பெற்றோம். கண்டவற்றையும், போகுமுன்னும் மீண்ட பின்னும் நூல்நிலையத்திற் கற்றவற்றையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, மேடைக் கூற்றிற் பாதி மெய்யென்றே தோன்றுகின்றது. மற்றைப் பாதியைப் பற்றிப் பெரியோரும் இளைஞரும் சற்றே சிந்தித்தல் நன்றெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

முதலிலே பெயரை எடுத்துக்கொள்வோம். சயாமியர் இவ்விழாவைச் 'சொங்க்ரான்' என்பர். இது 'சங்கிராந்தி' என்னும் வடசொல்லின் திரிபு. ஞாயிறு ஓரிராசியை விட்டு அடுத்த இராசியிற் புகுதலே சங்கிராந்தியாம். அவ்வாறு ஆண்டுக்குப் பன்னிரண்டு சங்கிராந்திகள் உளவேனும், மேட இராசியிற் புகும் நாளையே அவர்கள் 'மகா சொங்க்ரான்' எனப் போற்றுகின்றனர். நாமோ மகர சங்கிராந்தியைத் தைப்பொங்கலாகவும், மேட சங்கிராந்தியை வருடப்பிறப்பாகவும் கொண்டாடுகின்றோம். கணக்கும் ஒன்றே. 2024இல் அவர்தம் பஞ்சாங்கப்படி ஞாயிறு மேடத்திற் புகுந்தது ஏப்பிரல் 13ஆந் தேதி இரவு 10 மணி 24 நிமிடத்திற்கு. அன்றிரவே எமது நாட்டிற் குரோதி வருடமும் பிறந்தது. இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள ஒன்றரை மணித்தியால வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தோம். வாக்கிய பஞ்சாங்கத்திற்கும் சயாமியப் பஞ்சாங்கத்திற்கும் இடையே ஒரு மணித்தியாலமுங் கூட வேறுபாடில்லை. கடல்கடந்து சென்ற கணிதம் இத்தனை நூற்றாண்டுகளின் பின்னும் இவ்வளவு செம்மையாக நிற்பது வியப்பன்றோ?

ஆயின் கணக்கிலே ஒரு வேடிக்கையும் உண்டு. சயாமியர் நெடுங்காலம் வழங்கிய 'சூளசகாப்தம்' கி.பி. 638ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆந் தேதி தொடங்கியது. மார்ச்சு மாதத்திற் பிறந்த ஆண்டு ஏப்பிரல் நடுப்பகுதிக்கு வந்தது எவ்வாறு? இந்திய வானநூலார் ஆண்டைக் கணித்தது விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டு; ஆங்கிலத் தேதியோ பருவங்களைப் பின்பற்றுவது. முன்னையது பின்னையதினுஞ் சிறிது நீண்டது. அச்சிறு மிகுதி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாளாகத் திரண்டு, பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சங்கிராந்தியைப் பின்னோக்கித் தள்ளிவந்திருக்கின்றது. நம் சித்திரைப் பிறப்பும் இதே தோணியில் ஏறி வந்ததே. மேலும், ஞாயிறு மெய்யாகப் புகும் நாளினின்று இரண்டு நாளுக்குச் சற்று மேற்பட்ட பொழுது கழித்தே அவர்கள் சகாப்தத்தின் எண்ணை ஏற்றுவர். அந்நாளுக்குத் 'தலேங் சோக்' என்று பெயர். 2024இற் சூளசகாப்தம் 1386 தொடங்கியது ஏப்பிரல் 16ஆந் தேதி அதிகாலையில். இன்று அரசாங்க விடுமுறை 13, 14, 15 என்று நிலைநாட்டப்பட்டிருப்பதால், விடுமுறை முடிந்த பின்னரே பழைய கணக்கிற் புத்தாண்டு பிறக்கின்றது! பாங்கொக் மாணவ நண்பர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் இதுகாறும் அறிந்திலர். "விடுமுறை கிடைத்தாற் போதும்" என்று நகைத்தார்.

சங்கிராந்தி புகுமுன் சயாமியருக்கு வேறொரு புத்தாண்டு இருந்தது. அவர்தம் சந்திர மாதங்களில் 'முதலாம் மாதம்' எனப்படுவது மார்கழியை ஒட்டி வருவது. சொங்க்ரான் வருவதோ ஐந்தாம் மாதத்தில். ஆண்டின் முதல் மாதம் ஒன்று, ஆண்டு பிறக்கும் மாதம் வேறொன்று என்னும் இம்முரண்பாடே, இந்தியக் கணக்கு ஒரு பழைய வழக்கின் மீது வந்தமர்ந்ததென்பதற்குச் சான்று. வெற்று நிலத்தில் யாரும் வித்திடவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு பயிர் நின்றது. நம் மேடைப் பேச்சாளர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பின்வந்த மன்னரும் மந்திரிகளும் இப்புத்தாண்டைப் படாத பாடு படுத்தினர். சுளாலங்கொர்ண் மன்னர் 1889இற் சூளசகாப்தத்தை ஒழித்து, பாங்கொக் நகர் அமைந்த 1782ஆம் ஆண்டை முதலாகக் கொண்ட புதுச் சகாப்தத்தை நிறுவி, ஆண்டுப் பிறப்பை ஏப்பிரல் 1ஆந் தேதிக்கு மாற்றினார். அவர் மகன் வஜிராவுத் மன்னர் 1913இற் புத்தசகாப்தத்தைப் புகுத்தினார். சயாம் என்ற பெயரை 1939இல் தாய்லாந்து என மாற்றிய பிரதமர் பிபுன் சொங்க்ராம், 1941 முதல் ஆண்டுப் பிறப்பை ஐரோப்பியரைப் போல ஜனவரி 1ஆந் தேதிக்குக் கொண்டுசென்றார். அதன் விளைவாகப் புத்தசகாப்தம் 2483ஆம் ஆண்டுக்கு ஏப்பிரல் முதல் டிசெம்பர் வரை ஒன்பது மாதங்களே! அவ்வாண்டின் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சு ஆகிய மூன்று மாதங்களும் சயாமியர் சரித்திரத்தில் இல்லை. ஆயினும் சட்டம் மாற்றிய நாளை மக்கள் மாற்றவில்லை. ஜனவரியில் தாளை மாற்றிவிட்டு ஏப்பிரலில் வீட்டுக்குப் போனார்கள், இன்றும் போகின்றார்கள்.

விழாவைப் பற்றி அவர்கள் கூறும் கதை சுவையானது. பாங்கொக் வாட் போ விகாரையிலே, மூன்றாம் இராமர் எனப்படும் மன்னர் காலத்திற் பல்வகை அறிவுநூல்களைக் கல்லிற் பொறித்தபோது இக்கதையும் பொறிக்கப்பட்டது. கபில மகாபிரமன் என்பான், பறவைகளின் மொழியறிந்த தர்மபாலன் என்னும் இளைஞனை அணுகி, "மனிதனின் பொலிவு காலையில் எங்கே, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே?" என்று வினாவி, ஏழு நாளில் விடை கூறாவிடின் அவன் தலையைக் கொய்வதாகவும், கூறின் தன் தலையைத் தருவதாகவும் சூளுரைத்தான். பனைமரத்தடியிற் படுத்திருந்த இளைஞன், மேலே கழுகுகள் பேசக் கேட்டு விடையறிந்தான்: காலையில் முகத்தில், அதனால் முகம் கழுவுகின்றோம், நண்பகலில் மார்பில், அதனால் மார்பில் நறுநீர் தெளிக்கின்றோம், மாலையில் அடிகளில், அதனால் அடி கழுவுகின்றோம். தோற்ற பிரமனின் தலையோ நிலத்தில் விழின் உலகம் தீயும்; வானில் எறியின் மழை பொய்க்கும்; கடலிற் போடிற் கடல் வற்றும். ஆகவே அவனுடைய ஏழு புதல்வியரும் அத்தலையை ஒரு தட்டில் ஏந்திக் கைலாயக் குகையொன்றில் வைத்தனர். ஆண்டுதோறும் சங்கிராந்தி வரும் கிழமைக்குரியவள் அதனை எடுத்து மேருவை வலஞ்செய்கின்றாள்.

2024இற் சங்கிராந்தி சனிக்கிழமை. சனிக்குரியவள் மகோதரை, சக்கரமும் திரிசூலமும் ஏந்தி மயில்மீது வருபவள். நகரெங்கும் அவள் உருவத்தை எழுதி வைத்திருந்தனர். மயிலையும் சூலத்தையும் கண்ட மாத்திரத்திலே எம்மில் ஒருவர் "இது நம்முடையது" என்றார். நாமும் அவ்வாறே எண்ணத் தலைப்பட்டோம். ஆனாற் கைலாயமும் மேருவும் கபிலனும் மயிலும் நம்மிடத்தில் இருப்பினும், இக்கதை நம்மிடத்தில் இல்லை. செங்கல் நம் சூளையிலிருந்து போயிருக்கலாம். வீட்டைக் கட்டியவர் அவர்.

இனி நீருக்கு வருவோம். எந்தச் சித்தாந்தத்திலும் ஞாயிறு மேடத்திற் புகும் நாளில் ஒருவர்மீது ஒருவர் நீரை இறைக்குமாறு விதியில்லை. நீரிறைத்தல் சயாம், பர்மா, லாவோஸ், கம்போசம், தென்சீனத்து யுன்னான் ஆகிய பகுதிகளுக்கே உரிய வழக்கு. நெல் விளையும் நிலமெல்லாம் வெடித்துக் கிடக்கும் வேனில் முதிர்ச்சியில் மழையை வேண்டி நிற்கும் உழவரின் சடங்கு அதனுள் உறைந்திருக்கின்றதெனக் கொள்வது பொருந்தும். இவ்வழக்கில் அயலார் ஒருவர் நனைந்த கதையை 1795ஆம் ஆண்டிலேயே காண்கின்றோம். ஆங்கிலேயக் கம்பனியின் தூதராகப் பர்மா சென்ற மைக்கல் சைம்ஸ், அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆந் தேதி பெகு நகர ஆளுநர் இல்லத்துக்கு விழாவுக்கென அழைக்கப்பட்டார். பெரிய சாடிகளில் நீரும், அருகே கிண்ணங்களும் அகப்பைகளும். முதலில் விருந்தினர் ஆளுநர் உள்ளங்கையிற் பன்னீர் சிறிது வார்க்க, அவர் அதனைத் தம் மென்றுகிலாடைமீது தெளித்துக்கொண்டார். உடனே அவர் வீட்டுப் பெண்கள் புகுந்து தூதரையும் உடன் வந்தோரையும் இரக்கமின்றி நனைத்தனர். ஆடவர் திருப்பி இறைக்கவும் உரிமையுண்டு. ஆயினும் அங்கே வரம்பு மீறிய செயல் ஒன்றும் நிகழவில்லையெனத் தூதர் எழுதிவைத்திருக்கின்றார். கம்பனியின் தூதரும் ஒரு மணி நேரம் சிறுவராயினர் போலும்! வடசயாமின் சியாங்மாய் நகரம் 1558 முதல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பர்மியர் ஆட்சியில் இருந்ததென்பதையும், இன்று நீர்விழா அங்கே மிகச் சிறப்புற நடைபெறுவதையும் இவ்விடத்து நினைவிற் கொள்ளலாம்.

பாங்கொக் நகரில் எமக்கு நேர்ந்ததும் அதுவே. பன்னீர் மாத்திரம் இல்லை. சிலோம் வீதியில் இறங்கிய சிறிது நேரத்துக்குள், எம் மூவரையும் ஆலையிற் கரும்புபோற் பிழிந்தெடுக்கலாம் என்னும் அளவுக்கு நனைந்தோம். விளையாட்டுத் துப்பாக்கிகளால் நீரைப் பீய்ச்சுவோர் ஒருபுறம். பனிக்கட்டி கரைந்த வாளிநீரை முதுகில் ஊற்றுவோர் ஒருபுறம். வெண்சுண்ணக் குழம்பைக் கன்னத்திற் பூசிவிட்டுக் கைகூப்புவோர் ஒருபுறம். யார் எவரென்னும் வினாவே எழவில்லை. அதே வீதியின் ஓரத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குக் குடியேறிய தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலின் கோபுரம் நிற்கின்றது. சயாமியர் அதனை 'வாட் கேக்' என்பர். 'கேக்' என்றால் விருந்தினர். இந்தியரையும் அராபியரையும் மலாயரையும் அவர்கள் அச்சொல்லாலேயே குறிப்பர். தலைமுறை பல கடந்தும் விருந்தினரென்றே பெயர். அதனை மதிப்பென்று கொள்வதா, தூரமென்று கொள்வதா என்று நாம் மூவரும் அன்றிரவு வாதிட்டு முடிவு காணவில்லை.

வீதிக் களியாட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லாது விடலாகாது. 2023 டிசெம்பரில் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் இவ்விழாவை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதன்பின் அரசாங்கம் மூன்று நாள் விழாவை 2024இல் ஏப்பிரல் 1 முதல் 21 வரை நீட்டி உலகத்தாரை அழைத்தது. ஆனால் அவ்வேப்பிரலில், 'ஏழு அபாய நாட்கள்' என்று அரசாங்கமே பெயரிட்ட ஒரு வாரத்தில், வீதி விபத்துகளில் இறந்தோர் 287 பேர். பெரும்பாலும் மோட்டார்ச் சைக்கிளிற் சென்ற இளைஞர். ஊருக்குப் பெற்றோரைக் காணச் சென்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பர்.

மறுநாட் காலை, ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிறு விகாரைக்குச் சென்றோம். அங்கே விழா வேறு உருக்கொண்டிருந்தது. மணலாற் சிறு சேதியங்கள் எழுப்பிக் கொடி நட்டிருந்தனர். ஆண்டு முழுவதும் விகாரைக்கு வந்துபோவோர் காலில் ஒட்டிச் செல்லும் மணலைத் திருப்பிக் கொணர்தல் கடனென்பது அவர் கொள்கை. முதியோர் வரிசையாக அமர்ந்திருக்க, இளையோர் முழந்தாளிட்டு, மல்லிகையும் ரோசா இதழும் மிதக்கும் நீரை அவர்தம் உள்ளங்கைகளில் வார்த்தனர். முதியோர் ஈரக்கையால் இளையோர் தலையைத் தொட்டு வாழ்த்தினர். மிசன் பாடசாலையிற் பயின்ற எமக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு முன்வரும் வியாழனன்று குரு சீடரின் காலைக் கழுவும் சடங்கு நினைவுக்கு வந்தது. அங்கே பெரியவர் குனிகின்றார். இங்கே சிறியவர் குனிகின்றார். ஆயினும் அதனிலும் அண்மையான ஒப்புமை எம் வீட்டிலேயே உண்டு. புண்ணிய காலத்திலே தலையிலும் காலடியிலும் இலை வைத்து, பெரியவர் கையால் மருத்துநீர் தேய்த்துக்கொண்ட பின்னரன்றோ நாம் நீராடுகின்றோம்? சயாமியர் இச்சடங்கின் ஒரு வகையைத் 'தம் ஹுவா' என்பர். தலைக்குரிய சடங்கு என்பது கருத்து.

அங்கே எண்பது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் எம் கையைப் பற்றி, எந்நாட்டவரென வினாவினார். 'லங்கா' என்றதும் அவர் முகம் மலர்ந்தது. காரணம் உண்டு. அவர்களுடைய பௌத்த மரபுக்கு 'லங்காவம்சம்' என்றே பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நக்கோன் சி தம்மராட் துறை வழியாக அது சுகோதைக்குச் சென்றது. சங்கிராந்தியன்று ஊர்வலமாக எடுத்து மக்கள் நீராட்டும் 'பிரா புத்த சிகிங்' என்னும் திருவுருவம் இலங்கையில் வார்க்கப்பட்டுக் கடல்வழி வந்ததென அவர்தம் பழைய வரலாறு கூறும். பாங்கொக், சியாங்மாய், நக்கோன் சி தம்மராட் ஆகிய மூன்றிடத்தாரும் மெய்யுருவம் தம்மிடமே உள்ளதென்பர். சிற்ப வல்லார் பாங்கொக் உருவத்தைச் சுகோதைப் பாணியென மதிப்பர். அது மூதாட்டியின் மகிழ்ச்சிக்குத் தடையன்று. கடன் ஒருவழிப்பட்டதுமன்று. இலங்கையில் உபசம்பதை அற்றுப்போனபோது, 1753இல் அயுத்தியாவிலிருந்து உபாலி தேரர் வந்தே அதனை மீண்டும் நிறுவினார். அவரை வரவழைத்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் தென்னிந்திய நாயக்கர் மரபினன் என்பதையும் நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

மூதாட்டியிடம் நாம், "பாட்டி, நாம் இலங்கைத் தமிழர், சைவர்" என்று கூறினோம். மொழிபெயர்த்த சயாமிய மாணவர் சற்றுத் தயங்கி வேறேதோ கூறினார். மூதாட்டி தலையசைத்து எம் தலையில் நீர் தெளித்தார். "யாது கூறினீர்?" என்று பின்னர் கேட்டோம். "இந்துக்கள் என்றேன்" என்றார். வற்புறுத்தியபின்னரே காரணம் வந்தது. சயாமிய மொழியில் எம் இனத்தின் பெயர் 'தமின்'. அகராதியிலே அச்சொல்லுக்கு ஒரு பொருள் தென்னிந்திய இனத்தார். மற்றொரு பொருள் கொடியது, இரக்கமற்றது. 1992 மே மாதத்திற் பாங்கொக் வீதிகளிலே இராணுவம் மக்களைச் சுட்ட நிகழ்ச்சியை அவர்கள் 'தமின் மே' என்றே வழங்குகின்றனர்.

பாளி மொழியின் 'தமிள' என்னும் சொல் இது. இலங்கையின் பாளி வரலாற்று நூல்கள் கூறும் போர்க்கதைகளோடு அங்குச் சென்று, அங்குள்ளோர் ஒரு தமிழனையும் காணாதவிடத்தும் பண்புப்பெயராக நிலைத்துவிட்டதெனக் கருதுகின்றோம். அச்சொல்லை வழங்கும் சயாமியரிடத்தில் எமக்குச் சினமில்லை. அந்த மாணவர் எம்மை நோகச்செய்ய விரும்பாமலன்றோ தயங்கினார்! ஆயினும் அன்று பகல் முழுவதும் நாம் அதிகம் பேசவில்லை. பனிநீரில் ஊறவைத்து மல்லிகை மணமூட்டிய 'காவ் சே' என்னும் சோற்றை உண்ணத் தந்தனர். மோன் மக்களிடமிருந்து வந்த உணவு. பழஞ்சோற்றுக்கு உறவென்று சொல்லிச் சிரிக்க வேண்டியவர்கள் வாளா உண்டோம்.

இனித் திருவெம்பாவை. பாங்கொக் நகரின் தேவஸ்தானம் 1784இல் முதலாம் இராமர் காலத்தில் எழுந்தது. மார்கழி, தை மாதங்களை ஒட்டி அங்கு நடைபெறும் 'திரியம்பவாய்', 'திரிபவாய்' விழாக்களின் பெயர்கள் திருவெம்பாவை, திருப்பாவை என்பனவே. அதன் அங்கமாக முன்னர் வாலிபர் பேரூஞ்சலில் ஆடுவர். அது 1935இல் நிறுத்தப்பட்டது. செந்நிறத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. தனிநாயக அடிகளார் தமிழுலகின் கவனத்தை இதன்பாற் திருப்பியவருள் ஒருவர். பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்து ஜோன் மார் அப்பிராமணரின் கிரந்தச் சுவடிகளை ஆய்ந்தார். ஓதுவோர் அதனைத் தமிழென்று அறிந்து ஓதவில்லை, மந்திரமாகவே ஓதினர். ஒலிகள் திரிந்து, சொற்கள் ஒன்றோடொன்று கலந்து, நம்மவர் கேட்பினும் எளிதில் அறியவியலாத நிலை. ஆகவே ஒரே நகரத்திற் பொருள் மறந்த தமிழ்ப்பாடல் இறைவனுக்கு உரியதாகவும், பொருள் மாறிய தமிழ்ப்பெயர் கொடுமைக்கு உரியதாகவும் இருக்கின்றன. மேடையிலே முன்னதைச் சொல்வோர் பின்னதை ஏன் சொல்வதில்லை? அறியார் போலும். அறிந்தால், 'நாம் கொடுத்தோம்' என்னும் சொல்லைச் சற்று அடக்கமாகவே சொல்வர்.

நம்மவர் அந்நாட்டில் விட்டுச்சென்றவற்றுள் எமக்கு உவப்பானது வேறொன்று. தென்சயாமின் மேற்குக் கரையிலே தக்குவாபா என்னும் இடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. போர் வெற்றியையோ மன்னர் புகழையோ அது பேசவில்லை. நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் அங்கே குளம் தோண்டினார். 'அவனிநாரணம்' என்று பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர் அதற்கு இடப்பட்டது. மணிக்கிராமத்து வணிகரும் சேனாமுகத்தாரும் அதனைக் காக்கும் பொறுப்பை ஏற்றனர். கல் சிதைந்து தொடக்கத்திற் சில எழுத்துகள் அழிந்துள்ளன. குளத்தின் பெயரையும் காத்தோர் பெயரையும் இன்றும் படிக்கலாம்.